விருந்துக்கு இடம் தேடும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து நாலைந்து நாளாகிறது, உடனே பதில் எழுத முடியவில்லை. அம்மா மறுபடி கைத்தடி இல்லாமல் நடக்கிறார் என்று படித்ததும் மனசு லேசானது, நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லாரும் நலம். பெரியவள் கல்லூரிக் கடைசி வருடத்தில் இருக்கிறாள். எனக்கு மட்டும் ஒரு சேதி உண்டு. போன வருடம் வந்த காய்ச்சலோடு இடது காதில் தொற்றும் வந்ததல்லவா, அதில் போன கேட்கும் திறன் இனித் திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் ஒரு சிரமமும் இல்லை, கூட்டமும் சத்தமும் உள்ள இடத்தில்தான் திண்டாட்டம். நீ கேட்ட விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது, வருகிறேன்.

உங்கள் அலுவலகத்தில் கையில் இருந்த வேலை நல்லபடியாக முடிந்ததற்கும், அங்கே உள்ள பெரியவர் ஓய்வு பெறுவதற்கும் சேர்த்து ஒரே விருந்து, இடம் பார்க்கும் பொறுப்பு உன் தலையில். குரூப்பில் "எங்கே போகலாம்" என்று கேட்டாய், எல்லாரும் "எங்கே என்றாலும் சரி" என்று எழுதிவிட்டார்கள், அதனால் வேலை சுலபம் என்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த "சரி"யை நம்பி இடம் பிடிக்காதே.

ஜெரி ஹார்வி என்ற மேலாண்மைப் பேராசிரியர் 1974இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தன் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறார். டெக்சாஸில் வெயில் கொளுத்தும் ஒரு மதியம், அபிலீன் ஊருக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாமா என்று மாமனார் கேட்கிறார், மனைவி சரி என்கிறார், இவரும் சரி என்கிறார், மாமியாரும் சரி என்கிறார். ஏசி இல்லாத காரில் 53 மைல் போய், சுமாரான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பிய பிறகுதான் பேச்சு வெளியே வருகிறது, நாலு பேரில் ஒருவருக்குக்கூடப் போக மனமில்லை, யோசனை சொன்ன மாமனாருக்கும் சேர்த்து. குடும்பத்துக்குள்ளேயே இப்படி என்றால், மேலாளர் படித்துக்கொண்டிருக்கும் குரூப்பில் புதிதாகச் சேர்ந்த பெண் "எனக்கு அந்த இடம் ஒத்துவராது" என்று எழுதுவாளா?

அதனால்தான் ஓட்டெடுப்பும் எனக்குப் பிடிப்பதில்லை. பத்துப் பேர் ஓரிடத்தைச் சொல்லி நாலு பேர் வேண்டாம் என்றால் பத்துதான் ஜெயிக்கும், கணக்கு சரி. ஆனால் அந்தப் பத்துப் பேருக்கு அடுத்த இடம் கிடைத்திருந்தாலும் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை, கொஞ்சம் குறைவாகப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். தோற்ற நாலு பேரில் ஒருவருக்கு அங்கே சாப்பிட ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம், இன்னொருவரால் மாடிப்படி ஏற முடியாமல் இருக்கலாம். இரண்டையும் ஒரே ஓட்டாக எண்ணுவது நியாயமே இல்லை. முதலில் யாருக்கு எது முடியாது என்பதைத் தெரிந்துகொள், அந்த இடங்களைத் தள்ளு, மிச்சம் இருப்பதில் இரண்டு மூன்றை மட்டும் குரூப்பில் போடு, அப்புறம் ஓட்டு எடுத்தால் யார் ஜெயித்தாலும் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

கேட்பதைத் தனித்தனியாகக் கேள், ஒரு சின்ன மெசேஜ் போதும். "என்ன பிடிக்கும்" என்று கேட்காதே, "எது ஆகாது, எந்த நேரம் முடியாது" என்று கேள். சைவம், மத நம்பிக்கை, நோன்பு, சர்க்கரை, எல்லாம் அதில் வந்துவிடும். அலர்ஜி இருப்பதாக யாராவது சொன்னால் அதை மட்டும் மிக கவனமாக எடுத்துக்கொள். கடலை அலர்ஜி உள்ளவருக்குக் கடலை போடாத பதார்த்தம் இருந்தால் மட்டும் போதாது, ஒரே எண்ணெயில் பொரித்தாலோ ஒரே கரண்டியால் கிளறினாலோகூட ஆபத்து வரலாம். போனை எடுக்கும் ஆள் "பிரச்சினை இல்லை சார்" என்பார், அதோடு விடாமல் சமையலறைப் பொறுப்பாளரிடமே பேசு. அவர் தயங்கினால் அந்த இடம் வேண்டாம். குடிக்காதவர்களையும் நினைத்துக்கொள். அவர்கள் கூட வந்து உட்காரலாம்தான், ஆனால் சாயங்காலம் முழுக்க மதுவைச் சுற்றியே நடக்கும் இடத்தில் அவர்களுக்கு என்ன கொண்டாட்டம் இருக்கும்?

சரி, என் காதுக்கு வருகிறேன். எங்கள் அலுவலக விருந்து ஒன்று, பெயர் வேண்டாம், பார்க்க மிக அழகான இடம், கண்ணாடிச் சுவர், உயரமான கூரை, தரையெல்லாம் கல். பக்கத்தில் இருந்தவர் வாய் அசைவதைத்தான் நான் பார்த்தேன், எதிரே இருந்தவர் பேசியது ஒரு சொல்கூட விழவில்லை. மூன்று மணி நேரம் சிரித்தபடி தலையாட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் தொண்டை கட்டிக்கொண்டது என்று நல்ல காது உள்ளவர்களும்தான் சொன்னார்கள். இதற்குக் காரணம் உண்டு. சத்தத்துக்கு நடுவே பேசினால் நாம் அறியாமலே குரலை உயர்த்திவிடுவோம், லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே இதை எழுதியிருக்கிறார், அவர் பெயரிலேயே இன்றைக்கும் அதை அழைக்கிறார்கள். ஒரு டேபிள் குரலை உயர்த்தினால் பக்கத்து டேபிளும் உயர்த்தும், கடினமான சுவரும் தரையும் எல்லாவற்றையும் திருப்பி அடிக்கும், இப்படியே ஏறிக்கொண்டு போகும். சாதாரணப் பேச்சு ஏறக்குறைய 60 டெசிபல்தான், அறையின் சத்தம் 80ஐத் தொட்டுவிட்டால் கத்தாமல் பேச முடியாது. திரைச்சீலை, மெத்தை வைத்த நாற்காலி, கம்பளம், தனி அறை இருக்கிறதா என்று பார். மதியம் காலியாக இருக்கும்போது போய்ப் பார்த்து ஏமாந்துவிடாதே, விருந்து எந்தக் கிழமை எந்த நேரமோ அதே கிழமை அதே நேரம் போய்ப் பத்து நிமிஷம் நின்று பார். போகிற போக்கில் படி எத்தனை, கழிவறை எங்கே, கடைசிப் பேருந்துக்கு எவ்வளவு தூரம் என்பதையும் கவனித்துவிடலாம்.

உட்காரும் விதமும் முக்கியம். பதினாலு பேரை நீள மேஜையில் வரிசையாக உட்கார வைத்தால், இந்த முனையில் இருப்பவர் அந்த முனையோடு ஒரு வார்த்தையும் பேசாமலே வீட்டுக்குப் போவார். ராபின் டன்பார் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், தானாகக் கூடிப் பேசும் கூட்டம் நாலு பேருக்கு மேல் போனால் சீக்கிரமே இரண்டாக உடைந்துவிடுகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அதனால் இரண்டு வட்ட மேஜை கிடைத்தால் விடாதே. ஓய்வு பெறுகிறவரை மேஜைத் தலைமாட்டில் உட்கார வைக்கும் வழக்கம் எனக்குப் பிடிக்காது, மரியாதை என்ற பெயரில் அவரைத் தனியாக்கிவிடுகிறோம். நடுவில் உட்கார வை, இனிப்பு வரும்போது அவர் அடுத்த மேஜைக்கு மாறட்டும்.

பில் யார் கொடுப்பது என்பதை அழைப்பிலேயே எழுதிவிடு. அலுவலகம் கொடுத்தால் எதுவரை என்று சொல்லிவிடு. கையிலிருந்து என்றால் சமமாகப் பிரிப்பது எனக்குச் சம்மதமில்லை. இஸ்ரேலில் யூரி நீஸி என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும் நடத்தி 2004இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஆறாறு பேராக உட்கார வைத்தார்கள். பில்லைச் சமமாகப் பிரிப்போம் என்று சொல்லப்பட்ட மேஜைகளில், அவரவர் பில் அவரவருக்கு என்றிருந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாகச் செலவானது. முன்கூட்டியே கேட்டபோது 80 சதவீதம் பேர் தனித்தனியாகக் கொடுப்பதையே விரும்பினார்கள். முதல் சம்பளம் வாங்கி வாடகை கட்டும் பையன் மற்றவர்கள் குடித்ததற்குப் பங்கு கொடுப்பதை நீ பார்க்க வேண்டாம்.

மற்றதெல்லாம் சின்ன வேலை. இத்தனை பேர் ஆளுக்கொன்றாகச் சொன்னால் சமையலறை தடுமாறும், ஒருவர் சாப்பிட்டு முடிக்கும்போது இன்னொருவருக்குத் தட்டே வந்திருக்காது, அதனால் குறைந்த மெனுவை முன்பே பேசிவை. அட்வான்ஸ் எவ்வளவு, ரத்து செய்தால் திரும்புமா, எத்தனை மணிக்கு மேஜையைக் காலி செய்யச் சொல்வார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்.

அந்தப் பெரியவருக்கு எங்கே போக ஆசை என்று இதுவரை யாராவது கேட்டார்களா? உன் கடிதத்தில் அது மட்டும் இல்லை. நாளைக்கே கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்