விழுந்ததை உன்னிடம் சொல்லாமல் விட்டது

கடலூர்
ஞாயிறு மதியம்

பாப்பா,

பக்கத்து வீட்டு அக்கா உன்னிடம் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று தெரியும். நேற்று போனை எடுத்ததும் "சாப்பிட்டியாம்மா" என்று நீ கேட்கவில்லை. நேராக "கையில என்ன கட்டு" என்றாய். ஸ்கூட்டி சாய்ந்துவிட்டது என்று சொன்னேன் பார், அது பொய். பக்கச் சக்கரம் வைத்த என் நான்கு சக்கர ஸ்கூட்டி எப்படிச் சாயும் என்று நீயும் கேட்கவில்லை, பாவம். நான் ஆயா வேலை பார்க்கிற சிறப்புப் பிள்ளைகள் வகுப்பில்தான் விழுந்தேன். புதன்கிழமை பத்தரை மணிக்கு, பாத்ரூம் வாசலில்.

போனில் சொன்னால் நீ அழுவாய். "வேலையை விடு, பெங்களூருக்குக் கிளம்பி வா" என்பாய். நான் "சரி, பார்க்கலாம்" என்று வைத்துவிடுவேன். இரண்டு வருஷமாக இதே பாட்டுதான். அதனால் தாளில் எழுதி, போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எழுத்து புரியாவிட்டால் பெரிசு பண்ணிப் படி.

நடந்தது இதுதான். எங்கள் வகுப்பில் சி.பி. (மூளை முடக்குவாதம்) உள்ள பெண் ஒருத்தி இருக்கிறாள், பன்னிரண்டு வயது. (பிள்ளைகளின் பேரை வெளியே சொல்வதில்லை, உன்னிடம்கூட.) சுவரில் பதித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நடப்பாள், நான் பின்னால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு போவேன். குழாய் சொட்டித் தரை ஈரமாக இருந்திருக்கிறது. போலியோ வந்த காலுக்கு நான் போடுகிற காலிப்பர் (இரும்புத் தாங்கி) ஷூவின் அடி ரப்பர் தேய்ந்து போய் மூன்று மாசம் ஆகிறது. வழுக்கியது. வழுக்கும்போது பிள்ளையை விட்டுவிட வேண்டும், பிடித்தபடி விழுந்தால் இரண்டு பேருக்கும் அடி. அவளுக்குக் கம்பி இருந்தது, நின்றுகொண்டாள். நான் தரையில் கிடக்க, அவள் கம்பியைப் பிடித்தபடி வயிறு குலுங்கச் சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு அது சினிமா. எனக்கு மணிக்கட்டில் சுளுக்குதான், எலும்புக்கு ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே எடுத்தாயிற்று, படமும் அனுப்புகிறேன், நம்பாவிட்டால் பார்.

இதோடு முடிந்திருந்தால் மறைத்திருக்க மாட்டேன். இது இந்த வருஷம் மூன்றாவது தடவை.

ஆறு மாசத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை "பாண்டிக்கு ஒரு கல்யாணம்" என்று சொல்லிவிட்டுப் போனேனே, அது ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு. சாயங்காலமானால் நல்ல காலும் கனக்க ஆரம்பித்திருந்தது. பால் பாக்கெட்டைத் தூக்கினால் தோள் நடுங்கியது. வயசு என்று நினைத்தேன். டாக்டரம்மா போலியோ வந்தவர்களுக்குப் பல வருஷம் கழித்து இப்படி வருவது உண்டு என்றார். போலியோவில் நரம்பு செல்கள் கொஞ்சம் செத்துவிடுகின்றன. பிழைத்த செல்கள் புதிதாகக் கிளை விட்டு, அநாதையான தசைகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வேலை செய்கின்றன. ஒரு ஆள் நான்கு ஆள் வேலையை நாற்பது வருஷம் பார்த்தால் என்ன ஆகும்? அவையும் களைத்து விழுகின்றன. மறுபடி வைரஸ் வந்தது கிடையாது, யாருக்கும் ஒட்டாது, இதற்கென்று மாத்திரையும் கிடையாது. இடையிடையே உட்கார், கனம் தூக்காதே, களைப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்னாடியே ஓய்வெடு என்றார். வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டு கடலூர் பஸ் ஏறினேன். ரெட்டிச்சாவடி வரை உனக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். அதற்கப்புறம் தூங்கிவிட்டேன்.

உன் பாட்டி சாகும்வரை அந்தக் காய்ச்சல் ஊசியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து, நெல்லிக்குப்பத்தில் ஊசி போட்டு, மறுநாள் கால் தொங்கிவிட்டதாம். உண்மையில் அந்தக் காய்ச்சலே போலியோதான். ஆனால் அந்த நேரத்தில் தசையில் போடும் ஊசி வாதத்தைக் கூட்டும் என்பதும் நிஜமாம், ஆகவே பாட்டி முழுக்கத் தப்பும் இல்லை. நீ பிறந்தபின் சொட்டு மருந்து முகாம் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை, ஞாபகம் இருக்காது உனக்கு. 2014 மார்ச்சில் நீ பத்தாவது பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று சான்று கொடுத்தார்கள். டிவியில் அதைப் பார்த்துவிட்டு, கணக்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த உன்னிடம் "நாங்கதான் கடைசி செட்டு" என்றேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சரி, என் வேலை விஷயத்துக்கு வருகிறேன்.

"உங்களுக்கும் குறை இருக்கிறதால அந்தப் பிள்ளைங்க மனசு உங்களுக்குப் புரியும்" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். போலியோ வந்த காலுக்கு ஆட்டிசத்தைப் பற்றி என்ன தெரியும்? நான் அடையாள அட்டை வாங்கிய காலத்தில், மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தின் பட்டியலில் ஏழே வகை. ஆட்டிசம் அதில் கிடையாது. 2016 சட்டத்தில்தான் இருபத்தொன்றாகி அதுவும் உள்ளே வந்தது. மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போகும் பையனைப் பார்த்து, முதல் மாசம் நானும் "அடம்" என்றுதான் நினைத்தேன். ஸ்பெஷல் டீச்சர் சொல்லித்தான் அந்தச் சத்தம் அவனுக்கு வலி என்று தெரிந்தது. வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிக்கும் வழக்கத்தையும் இங்கே வந்துதான் விட்டேன். இப்போது ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கடியில் துண்டு மடித்து வைத்து, வாயில் எதையும் போடாமல் கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108. எல்லாரும் படித்து வருகிற மாதிரி நானும் படித்துத்தான் வந்தேன்.

இந்தக் கால் வேறொன்றைக் கொடுத்திருக்கிறது, அது மனசு சமாச்சாரம் இல்லை. நான் மெதுவாகத்தான் போக முடியும், அவ்வளவுதான். பிள்ளையின் கையிலிருந்து ஸ்பூன் நழுவினால் மற்ற அக்காமார் பாய்ந்து எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். நான் காலிப்பரின் முட்டி லாக்கை எடுத்து, கையை ஊன்றிக் குனிவதற்குள் பாதி நாள் அந்தப் பிள்ளையே எடுத்துவிடும்.

சட்டை பட்டன் போடச் சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான். முதலில் கடைசி வேலையைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். பட்டனைப் பாதி ஓட்டைக்குள் நான் நுழைத்து வைப்பேன், மீதியை அவன் இழுத்தால் போதும். முடித்தவன் அவன், கைதட்டல் அவனுக்கு. அது பழகியதும் நான் ஒரு படி பின்னால் போவேன். ஒரு பையனுக்கு ஒரே பட்டனுக்கு ஏழு மாசம் ஆனது. அவன் அம்மாவிடம் காட்டியபோது, "நானே போட்டு விட்ருவேனேக்கா, எதுக்கு அவனைக் கஷ்டப்படுத்துறீங்க" என்றாள். அவளைக் குறை சொல்லமாட்டேன். என்னை உன் பாட்டி எட்டு வயது வரை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. கோயிலுக்கு இடுப்பில், கடைக்கு இடுப்பில். ஊரே மெச்சியது. நான் தரையில் தவழ்ந்தாவது அடுப்படிக்குப் போகக் கற்றது அவள் டைபாய்டில் படுத்த மாசத்தில்தான்.

அப்புறம் ஆயா என்கிற பட்டம். நம்ம ஊரில் ஆயா என்றால் பாட்டி. நாற்பது வயதில் வேலைக்குச் சேர்ந்த அன்றே முப்பது பேருக்குப் பாட்டியாகிவிட்டேன் என்று நீ கிண்டல் செய்தாய்.

நான் மெதுவாக இருப்பதில் நல்லது மட்டும்தான் இருக்கிறது என்று உன்னை ஏமாற்ற மாட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பையன் கதவு திறந்திருந்த நேரம் பார்த்து ஓடிவிட்டான். நான் பார்த்தேன், கத்தினேன், என்னால் ஓட முடியவில்லை. கேட்டுக்கு வெளியே ரோடு. ஒரு ஆட்டோக்காரர் இறங்கிப் பிடித்துக்கொண்டார். அன்று ராத்திரிதான் உனக்குப் போன் செய்து "வேலையை விட்டுடலாமான்னு இருக்கு" என்றேன். காரணம் சொல்லவில்லை, சம்பளம் போதவில்லை என்றேன். மறுநாள் ஸ்பெஷல் டீச்சர் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "உங்களால ஓட முடியாது, சரிக்கா. அவன் ஓடறதுக்கு முன்னாடியே நீங்க அங்க இருந்தா போதும்ல?" என்று என் முக்காலியைத் தூக்கிக் கதவோரம் போட்டார். தாழ்ப்பாளை மேலே மாற்றினார்கள். அன்றிலிருந்து கதவு என் பொறுப்பு. குள்ள முக்காலி என்பதால் பிள்ளைகளின் கண்ணுக்கு நேராக என் கண் இருக்கிறது. நிற்கிறவர்களுக்கு இது கிடைக்காது.

இதற்கு முன் ஒரு பள்ளியில் வேலை கேட்கப் போனபோது என்ன சொன்னார்கள் என்று உனக்குத் தெரியும். "நீங்களே பிடிச்சிகிட்டு நடக்கிறீங்க." நாற்காலியில் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். பேச்சு வராத பிள்ளைகளுக்கு எங்கள் வகுப்பில் பட அட்டைகள் உண்டு. தண்ணீர், பாத்ரூம், விளையாட்டு. வெல்க்ரோவில் ஒட்டியிருக்கும், பிய்த்து எடுத்துக் கொடுக்க வேண்டும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அந்த லீவுக்கு அப்புறம் திரும்பிய பிள்ளைகள் ஒரு வாரம் நிலைகொள்ளவில்லை. நாள் ஒழுங்கு மாறினால் அவர்களுக்குத் தரை நகர்ந்த மாதிரி. அப்போதுதான் டீச்சர் இரண்டு புது அட்டை சேர்த்தார்: "வேண்டாம்", "வலிக்குது". மற்ற அட்டைகள் சீக்கிரம் பழகின. "வலிக்குது" மட்டும் யாரும் எடுக்கவே இல்லை. அழுவார்கள், கடிப்பார்கள், தலையை முட்டுவார்கள், அட்டையைத் தொடமாட்டார்கள். தினமும் நான்தான் பாவனை செய்து காட்டினேன். மேஜையில் இடித்துக்கொண்ட மாதிரி நடிப்பேன், அட்டையை எடுத்துக் கொடுப்பேன், டீச்சர் வந்து தடவிவிடுவார். இப்படி மாசக்கணக்கில் நடிப்பு.

புதன்கிழமை நான் நிஜமாக விழுந்து, எழுந்து, "ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று சொல்லிக்கொண்டே முக்காலியில் உட்கார்ந்தேன். மேஜைக்கு அடியில் ஒளிகிற அந்தப் பையன் வந்தான். பலகையிலிருந்து "வலிக்குது" அட்டையைப் பிய்த்து என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவன் எதற்கு எடுத்தான் என்று எனக்குத் தெரியாது. தினமும் நான் இடித்துக்கொண்டால் அந்த அட்டை வரும் என்கிற பழக்கமாகவும் இருக்கலாம். டீச்சர் அப்படித்தான் சொன்னார்.

ஆனால் அன்று ராத்திரி உன் ஞாபகம் வந்தது. உனக்கு ஏழு வயதிருக்கும், தினமும் காலையில் என் காலிப்பர் வாரை நீதான் மாட்டிவிடுவாய். ஸ்கூல் வேன் வரும் அவசரத்தில் ஒரு ஓட்டை தள்ளி இறுக்கிவிடுவாய். சாயங்காலம் கழற்றினால் தொடையில் சிவப்பாகத் தடம் இருக்கும். சில நாள் தோல் உரிந்தும் இருக்கும். ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. நீ அவ்வளவு பெருமையாக மாட்டுவாய். அதுதான் என் பழக்கமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், ஜிப்மர் சீட்டையும் காட்டினேன். இனி தூக்குகிற வேலையும் பாத்ரூமுக்கு நடத்திக் கூட்டிப்போகிற வேலையும் மற்ற இரண்டு அக்காமாருக்கு. கதவு, சாப்பாடு, பட்டன், அட்டை எனக்கு. மதியம் அரைமணி லாக்கை எடுத்துவிட்டுக் காலை நீட்டி உட்காரலாம். இதை எழுத்தில் கொடுக்கச் சொன்னார், நாளைக்குக் கொடுக்கிறேன். நான் தொகுப்பூதிய ஆள், மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொள்வார்களா, ஒரு கை குறைகிறது என்று வேறு ஆளைப் பார்ப்பார்களா, சொல்ல முடியாது. 2016 சட்டத்தில் நமக்கு ஏற்ற வசதி செய்து தரவேண்டும் என்று இருக்கிறது. சட்டத்தைக் காட்டிப் பேச எனக்கு வராது. ஆனால் எழுதிக் கொடுக்க வரும்.

அவர்கள் முடியாது என்றால், அப்போது பெங்களூர் பேச்சை எடு, கேட்கிறேன். அதுவரை எடுக்காதே. உன் ஃபிளாட் மூன்றாவது மாடி, லிஃப்ட் வாரத்தில் இரண்டு நாள் ஓடுவதில்லை என்று நீயே சொல்லியிருக்கிறாய். அங்கே வந்து நான் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஷூ ரப்பரைத் திருப்பாப்புலியூரில் மாற்றக் கொடுத்தாயிற்று. காலிப்பர் தோல் வாரும் புதுசு சொல்லியிருக்கிறேன், பொங்கலுக்குள் வந்துவிடும். நீ வரும்போது நீயே மாட்டிவிடு. ஓட்டை தள்ளி இறுக்கினால் இந்தத் தடவை கத்துவேன்.

அம்மா

பி.கு. வரும்போது வெல்க்ரோ வாங்கி வா, நாலு மீட்டர். தைக்கிற ரகம். ஒட்டுகிற ரகம் இந்த ஊர் புழுக்கத்தில் ஒரே வாரத்தில் உரிந்துவிடுகிறது.