செவ்வாய்க்கிழமை கடை திறக்கும் அண்ணனுக்கும் இன்னும் சிலருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

எங்கள் சின்னவனுக்கு 22 வயது. ஆட்டிசம் உள்ளவன். பேச்சு என்று பார்த்தால் பத்துப் பதினைந்து சொற்கள்தான். அதில் "வலிக்குது" கிடையாது. போன மாதம் அவன் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைத்தான். பிறகு படப் பலகையில் இருந்த பல் படத்தைத் தொட்டுக் காட்டினான். அன்றைக்கே எழுத நினைத்த நன்றி மடல் இது. தீபாவளித் தையல் முடிந்து இப்போதுதான் கை ஒழிந்தது.

டாக்டரம்மா, முதலில் உங்களுக்கு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் நாள் முழுக்கத் தாடையில் குத்திக்கொண்டான். சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. வேறொரு இடத்தில் காட்டினோம். "ஆட்டிசம்னா இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லித் தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள். வாயைத் திறந்து பார்க்கவில்லை. நானும் பார்க்கச் சொல்லவில்லை, அந்தக் குறை எனக்கு இன்னும் உண்டு. உங்கள் வாசலுக்கு வந்தும் அவன் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. நீங்கள் டார்ச்சை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தீர்கள். கடைவாய்ப் பல் சொத்தையாகி ஈறு வீங்கியிருந்தது. வலிக்கும் வீக்கத்துக்கும் மருந்து கொடுத்து, "தினமும் சும்மா கூட்டிக்கிட்டு வாங்க" என்றீர்கள். முதல் நாள் வெளி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தோம். மறுநாள் நாற்காலியை ஏற்றி இறக்கும் பட்டனை அவனையே அமுக்க விட்டீர்கள். அப்புறம் வாய்க்கண்ணாடியை அவன் கையில் கொடுத்தீர்கள். ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணி, பத்து வந்ததும் சொன்னபடி கையை எடுத்துவிடுவீர்கள். அந்த வாக்கை ஒரு தடவைகூட நீங்கள் மீறவில்லை. பல்லை எடுத்த அன்று யாரும் அவனை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. வந்துபோன அத்தனை நாளுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃபீஸ் வாங்கினீர்கள்.

அந்தப் படப் பலகையைச் செய்து கொடுத்த தெரபி டீச்சர், உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் படம் ஒட்டி, எட்டு மாதம் விடாமல் பழக்கியது நீங்கள். எட்டு மாதமும் எனக்கு நம்பிக்கை இல்லை. இப்போது சொல்லிவிடுகிறேன்.

சலூன் அண்ணன், ஊரில் எல்லா முடிவெட்டும் கடையும் செவ்வாய்க்கிழமை லீவு. நீங்கள் அன்றைக்கு ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருக்கிறீர்கள். ரேடியோ கிடையாது, மெஷின் கிடையாது, கத்தரி மட்டும். பாதித் தலையோடு அவன் எழுந்து ஓடிய அன்று, "மீதியை நாளைக்கு வெட்டிக்கலாம்" என்று சிரித்தீர்களே, அதற்காகவே தனியாக ஒரு மடல் எழுதலாம்.

மருந்துக்கடைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. எங்கள் சின்னவனுக்கு வலிப்பும் உண்டு. மாத்திரை ஒரு வேளை தப்பினாலும் எனக்கு உயிர் கையில் இருக்காது. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே என்றாலும், கம்பெனி மாறி நிறம் மாறிவிட்டால் அவன் துப்பிவிடுவான். இதை ஒருமுறைதான் சொன்னேன். அன்றிலிருந்து அதே கம்பெனி அட்டையைத் தனியாக எடுத்து வைக்கிறாய்.

எதிர்வீட்டு அக்கா, அவன் சாப்பிடுவதெல்லாம் வெள்ளையாக இருக்க வேண்டும். இட்லி, தயிர்சாதம், அவ்வளவுதான். அதனால் மலச்சிக்கல், அதனால் ராத்திரி அழுகை. அந்த அழுகையைக் குணம் என்றே நாங்கள் பல வருடம் நினைத்திருந்தோம். நீங்கள்தான் இட்லி மாவில் முதலில் அரை ஸ்பூன் கேழ்வரகு மாவு கலந்தீர்கள். அரை ஸ்பூன் முக்கால் ஆவதற்கு ஒரு மாதம். இன்றைக்கு அவன் தின்கிற இட்லி நல்ல பழுப்பு நிறம். (சட்டைக் காலர் லேபிள் குத்துகிறது என்று அவன் கிழித்தெறிந்த பிறகுதான், தையல்காரனான எனக்கே லேபிள் குத்தும் என்று தெரிந்தது. உங்களுக்குச் சொல்லாமலே புரிகிறது.)

மாரியம்மன் கோயில் விழாக்குழுத் தம்பிகள் கூம்பு ஸ்பீக்கரை எங்கள் வீட்டுப் பக்கமிருந்து திருப்பிக் கட்டினார்கள். வேட்டு போடுவதற்குக் கால்மணி முன்னால் ஒரு பையன் ஓடி வந்து சொல்லிவிட்டுப் போவான். காதடைப்பானை மாட்டிக்கொண்டு என் மகன் இந்த வருடம் வாசலில் நின்று சாமி பார்த்தான்.

அலுவலகப் பக்கமும் ஒருவர் உண்டு. ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்காக மத்திய அரசு அமைத்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குக் கிடைக்கும், தெரபிக்கும் அதில் இடம் உண்டு என்று எங்களுக்குச் சொன்னவர். 18 வயது முடிந்தால் பெற்றவர்களாக இருந்தாலும் அந்த அறக்கட்டளையின் 1999ஆம் வருடச் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழுவிடம் காப்பாளர் சான்று வாங்க வேண்டும் என்று சொன்னவரும் அவரே. படிவத்தை நான் மூன்று முறை தப்பாக நிரப்பினேன். நான்காவதை அவரே பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தார். மாற்றலாகிப் போய்விட்டார். இது அவர் கண்ணில் பட்டால் நல்லது.

டாக்டரம்மா, போன மாதம் அவன் காட்டிய பல்லில் சின்னச் சொத்தைதான், அடைத்துவிட்டீர்கள். நீங்கள் சொல்வதற்கு முன்னாலேயே அவன் வாயைத் திறந்து, விரலை மடக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கியதை நீங்களும் பார்த்தீர்கள். அடுத்த சுத்தம் ஆறு மாதம் கழித்து என்றீர்கள், காலண்டரில் அவனே வட்டம் போட்டிருக்கிறான்.

சலூன் அண்ணன், வரும் செவ்வாய் பத்து மணிக்கு வருகிறோம்.