படுக்கையில் இருப்பவர்களுக்குப் பருத்தித் துணி பின்னுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குமரி மாவட்டத்தில் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கம் மகளிர் குழுக்களில் குரோஷா என்னும் கொக்கி ஊசிப் பின்னல் கற்றுக்கொடுக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் அக்ரிலிக் என்னும் செயற்கை நூலில் பூவும் செல்போன் பையும்தான் பின்னவைக்கிறார்கள். நோயாளிகளுக்கு உடம்பு துடைக்கப் பருத்தித் துணி பின்னவும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பக்கவாதத்தில் படுத்த என் மாமியாருக்குத் துவர்த்தை (துண்டை) நனைத்துத்தான் உடம்பு துடைத்து வந்தோம். சோப்புப் போட்டால் துவர்த்து வழுக்கும், தோல் மடிப்பில் அழுக்கு அப்படியே நிற்கும். கொஞ்சம் அழுத்தினாலோ தோல் சிவந்துவிடும். பக்கத்துக் கேரளம், தீராத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் பாலியேட்டிவ் சிகிச்சைக்கு 2008-லேயே தனிக் கொள்கை வகுத்த மாநிலம். அந்த மாநிலத்துப் பாறசாலையில் என் நாத்தனார் வீட்டுக்கு வரும் நர்ஸ்தான், மெத்தென்ற பருத்தித் துணி வையுங்கள், முகத்துக்கு ஒன்று, இடுப்புக்குக் கீழே வேறொன்று என்று சொன்னார். அதன்பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தேன்.

கட்டம் கட்டமாகக் குழி விழும் வாஃபிள் பின்னல்தான் இதற்குத் தோது. டபுள் குரோஷா (ஊசியில் நூலை ஒரு சுற்றுச் சுற்றிப் போடும் கண்ணி) போட்டுவிட்டு, அடுத்த வரிசையில் கண்ணிக்குள் குத்தாமல் அதன் தண்டைச் சுற்றி முன்பக்கமாக ஊசியைவிட்டு எடுத்தால் மேடு எழும்பும். இரண்டு மேட்டுக்கு நடுவே விழும் குழியில் நுரை தங்கும், அழுக்கும் ஏறிவிடும், தோல் உரசாது. குமிழ் குமிழாக எழும்பும் பாப்கார்ன் பின்னல் பார்க்க அழகு, ஆனால் முதியவர் தோலில் உறுத்தும். 4 மி.மீ. ஊசியும் 8 இழைப் பருத்தி நூலும் போதும். 8 அங்குல அகலத்துக்கு 30-க்குச் சற்று மேல் சங்கிலி போட வேண்டும். 100 கிராம் நூலில் இரண்டு துணி தேறும். பளபளக்கும் மெர்சரைஸ்டு நூல் வேண்டாம், சாதா நூல்தான் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அக்ரிலிக் உறிஞ்சாது, கொதிநீரிலும் போட முடியாது. பருத்தியைச் சருவத்தில் (அகன்ற பாத்திரத்தில்) போட்டுக் கொதிக்கவைத்து வெயிலில் உலர்த்தலாம். இரண்டு மழைக்காலமும் பெய்யும் ஊர் இது, பின்னல் ரொம்பத் தடித்தால் துணி காயாமல் நாறும். முகத்துணிக்கு மஞ்சள் கரை, கீழ்த்துணிக்கு நீலக் கரை என்று நான் பின்னிவிடுகிறேன், யார் எடுத்தாலும் மாறாது.

1819-ல் நாகர்கோவில் வந்த கிறிஸ்தவ மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் காசில் அடிமைத்தனத்திலிருந்து மீண்ட பெண்களும் உண்டு. அத்தனை காலத்துக் கைவேலை இந்த மாவட்டத்தில் மேசை விரிப்போடு நின்றுபோகக் கூடாது.

எங்கள் பக்கத்துக் கடைகளில் மெல்லிய லேஸ் நூலும் அக்ரிலிக்கும்தான் கிடைக்கின்றன. தடித்த சாதாப் பருத்தி நூலைக் குழுக்களுக்கு மொத்தமாக வாங்கிக்கொடுக்க மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். பின்னிய துணிகளை, 2021 முதல் வீடு தேடி வரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்ட ஊழியர்கள் கையில் கொடுத்தனுப்பலாம். எந்த வீட்டில் யார் படுக்கையில் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
களியக்காவிளை.