பின்மூடியைத் திறக்காதே

பொன்மலை, திருச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ வாங்கிய பழைய ராணுவ பாக்கெட் வாட்ச்சின் நான்கு படங்களையும் பார்த்தேன். போனில் சொன்னால் பாதியில் அம்மா வாங்கிக்கொண்டு பேரனுக்கு இருமல் எப்படி இருக்கிறது என்று ஆரம்பித்துவிடுவாள். அதனால்தான் கடிதம். தபாலுக்குக் காத்திராமல் படம் பிடித்தும் அனுப்புகிறேன், ஏனென்றால் அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது.

அந்தக் கறுப்பு டயல் வாட்ச்சை நீ திறக்காதே. வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன், சனிக்கிழமை சமையல் மேடையில் வைத்துப் பிரிக்கப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம் கண்ணு. எண்களின் மேல் பழுப்பாக, கருகின வெல்லம் மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறதே, அது ரேடியம். நம் ஊரில் ஸ்கூட்டரில் ஒட்டுகிற ஸ்டிக்கருக்கும் ரேடியம் என்றுதான் பேர். அதில் ரேடியம் கடுகளவும் கிடையாது. உன் வாட்ச்சில் இருப்பது நிஜம். இருட்டில் மின்னவே இல்லையே என்று கேட்டிருந்தாய். ரேடியத்தின் கதிர் பட்டு ஒளிவிடுவது கூடக் கலந்திருக்கும் துத்தநாக சல்பைடு. அது எப்போதோ செத்துப்போயிற்று. ரேடியம் சாகவில்லை, பாதியாகக் குறையவே அதற்கு 1,600 வருஷம் வேண்டும்.

பயப்படவும் வேண்டாம். கண்ணாடியும் மூடியும் சரியாக இருக்கிற வரை கையில் எடுத்துப் பார்க்கலாம். ஆபத்தெல்லாம் அந்தப் பெயிண்ட் உதிர்ந்து, பொடி மூச்சிலோ வாயிலோ போவதில்தான். அமெரிக்காவில் நியூ ஜெர்சி பக்கம் ஆரஞ்ச் என்ற ஊரில், முதல் உலகப் போர் காலத்திலிருந்து பெண்கள் இந்த டயல்களுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். தூரிகை முனை கூர்மையாக வரட்டும் என்று உதட்டில் வைத்து நுனி திரட்டச் சொல்லியிருந்தார்கள். தாடை எலும்பு அரித்துப்போய் எத்தனையோ பேர் இறந்தார்கள். வழக்குப் போட்ட ஐந்து பெண்களுக்கு 1928-ல்தான் நஷ்டஈடு கிடைத்தது. பேரன் தவழுகிற வீட்டில், சாப்பாட்டு மேடையில் இதைப் பிரிக்கலாமா, நீயே யோசி. படுக்கையறையிலும் வைக்காதே. காற்றோட்டமான இடத்தில், உயரமான அலமாரியில் இருக்கட்டும்.

சரி, திட்டி முடிந்தது. இனி சந்தோஷமான விஷயம்: நீ வாங்கியது அசல்.

பின்மூடியில் காக்காய்க் கால் மாதிரி மூன்று கோடு இருக்கிறதே, அது அம்புக்குறி. பிரிட்டிஷ் சர்க்கார் சொத்து என்று அர்த்தம். அடுத்த முறை பழைய சர்ச் பக்கம் போனால் சுவரின் அடியில் பார். நில அளவைக்காரர்கள் ஒரு படுக்கைக் கோடும் அதன் கீழே இதே அம்பும் செதுக்கி வைத்திருப்பார்கள். அம்புக்குக் கீழே ஜி.எஸ்.டி.பி. ஜெனரல் சர்வீஸ் டைம் பீஸ் என்று விரிப்பவர்கள் உண்டு. கடைசி இரண்டு எழுத்தும் டிரேட் பேட்டர்ன் என்று சண்டை பிடிப்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டும் சம்மதம். இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு இவ்வளவு வாட்ச் செய்து கொடுக்க பிரிட்டனில் ஆலை இல்லை. சுவிட்சர்லாந்திலிருந்து சைமா, டாக்ஸா, ஹெல்வெஷியா, ரெக்டா, லெகுல்த்ர் என்று பல கம்பெனிகளிடம் வாங்கி, முதுகில் ஒரே முத்திரையைக் குத்திவிட்டார்கள். முலாம் பூசிய பித்தளைக் கூடு, அச்சுகள் தேயாமல் சுழலப் பெரும்பாலும் 15 கல், மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு ஐந்து. அலங்காரம் ஒன்றும் கிடையாது. எனக்குப் பிடித்ததே அதுதான்.

இதே கடைக்காரர் வைத்திருக்கும் கழுகு முத்திரை போட்ட 'ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் வாட்ச்' வாங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராம். மூடியைத் திறந்து காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உள்ளே இருப்பது மோல்னியா இயந்திரம். சோவியத் யூனியனில் செல்யாபின்ஸ்க் ஊரில் செய்தது. அந்த ஆலையே 1947-ல்தான் திறந்தது, ஹிட்லரின் கப்பல்கள் மூழ்கி இரண்டு வருஷம் கழித்து. பாவம், மோல்னியா உழைக்கிற நல்ல வாட்ச். எவனோ டயலை மாற்றி, கழுகைப் பொறித்து அதைப் பொய் சொல்ல வைத்திருக்கிறான். மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்.

உன் வாட்ச் ஏன் ஓடவில்லை? படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் சாவி முழுக்க ஏறியிருக்கிறது, ஆட்டினால் கொஞ்சம் ஓடி நிற்கிறது என்றால், பெரும்பாலும் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். 'ஓவராகச் சாவி கொடுத்து ரிப்பேர் ஆகிவிட்டது' என்று ஜனங்கள் சொல்வது பாதிக்கு மேல் இந்தக் கேஸ்தான். கீழே விழுந்திருந்தால் பேலன்ஸ் வீலின், அதாவது இங்குமங்கும் ஆடி நேரத்தை அளக்கிற சக்கரத்தின், ஊசி முனை ஒடிந்திருக்கலாம். இந்த வாட்ச்களில் பெரும்பாலும் அதிர்ச்சி தாங்கும் ஏற்பாடு இருக்காது. முழுதாகப் பிரித்து, அலசி, ஒவ்வொரு கல்லிலும் ஊசி முனை அளவு எண்ணெய் வைக்க வேண்டும். சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நிறுத்தி விடுகிற கவை ஒன்று உண்டு, பேலட் ஃபோர்க் என்று பேர். அதன் அச்சுக்கு மட்டும் எண்ணெய் காட்டவே கூடாது, அது வறண்டுதான் ஆட வேண்டும். பிரிப்பதற்கு முன்னால், சாவி கொடுத்தால் முறுகுகிற மெயின் ஸ்பிரிங்கின் விசையை மெல்ல இறக்க வேண்டும். ஒருமுறை அதை மறந்துவிட்டு ஃபோர்க்கைத் தூக்கினேன். சர்ரென்று ஒரு சத்தம். எல்லாச் சக்கரமும் பம்பரமாகச் சுற்றி, ஒன்றில் மூன்று பல் போயிற்று. அன்று இரவு நான் சாப்பிடவில்லை, அம்மாவைக் கேள்.

பர்மிங்காமிலேயே இருந்துகொண்டு உனக்கு என்ன கவலை? ஜுவல்லரி குவார்ட்டர் பக்கம் போ. அந்த நாட்டில் 1858-லிருந்து கடிகாரக்காரர்களுக்கு ஒரு இன்ஸ்டிட்யூட் இருக்கிறது; அதில் உறுப்பினரான ஆளாகப் பார். ரேடியம் டயலைத் தொடுவீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடு. நான் செய்தால் எனக்கு ஆசை தீரும், ஆனால் என்னிடம் அதற்கான வசதி இல்லை. அவரிடம் மூன்று விஷயம் கண்டிப்பாகச் சொல்: டயலுக்குப் புதுப் பெயிண்ட் வேண்டாம், முள்ளை மாற்ற வேண்டாம், கூட்டை பாலிஷ் போட வேண்டாம். ஓடினால் போதும்.

பாலிஷ் பற்றி ஏன் இவ்வளவு என்றால், தாத்தா வாட்ச்சின் முதுகு ஏன் மொழுமொழுவென்று இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்பாயே, அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை.

தாத்தா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் பர்மா வரை போனவர். பாலம் கட்டுவதும் வெடி வைப்பதும் வேலை. வெடித் திரியை அப்படியே நம்ப மாட்டார்களாம். ஒரு துண்டு வெட்டி, முதலில் கொளுத்தி, ஒரு அடி எரிய எத்தனை வினாடி என்று பார்ப்பார்கள். அதை வைத்துத்தான் ஓடித் தப்பிக்கிற தூரத்தைக் கணக்குப் போடுவார்கள். அந்த வினாடி முள்ளை எத்தனை தடவை உற்றுப் பார்த்திருப்பாரோ. திருப்பிக் கொடுக்க வேண்டிய சர்க்கார் சாமான் எப்படி நம் வீட்டுக்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

எனக்கு முதல் சம்பளம் வந்த மாசம். அப்பாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று, அவருக்குத் தெரியாமல் வாட்ச்சை எடுத்துப்போய் ஒரு முலாம் பட்டறையில் கொடுத்தேன். பஃபிங் போட்டு, புது முலாம் பூசி, கண்ணாடி மாதிரி கொடுத்தார்கள். பட்டறைக்காரரைக் குறை சொல்ல முடியாது, நான் கேட்டதைத்தான் செய்தார். வீட்டுக்கு வந்து அப்பா கையில் வைத்தேன். முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். அம்பு இல்லை, எழுத்து இல்லை, எண் இல்லை. கட்டைவிரலால் ஒருமுறை தடவிவிட்டு, "யாருதுடா இது?" என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

அதன் பிறகும் தினமும் காலையில் சாவி கொடுத்தார். ஆனால் அந்த எண் அவருக்கு மனப்பாடமாக இருந்திருக்கும், நான் கேட்டு எழுதி வைக்கவில்லை. கேட்கிற தைரியம் வந்தபோது அவர் இல்லை.

நீ அனுப்பிய இரண்டாவது படத்தில் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் உன் விரலுக்கு அடியில் மறைந்திருக்கிறது. ரிப்பேருக்குக் கொடுப்பதற்கு முன்னால், விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் எடுத்து அனுப்பு. நோட்டில் எழுதி வைக்கிறேன்.

அப்பா