ருஸ்தம்ஜி ஐயாவுக்கு ஒரு வக்கீல் எழுதுவது

மதிப்பிற்குரிய கே.எஃப். ருஸ்தம்ஜி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பீகார் விசாரணைக் கைதிகளுக்காக உச்ச நீதிமன்றத்தில் நடந்த ஹுசைனாரா காத்தூன் வழக்கைப் படிக்காமல் இந்த நாட்டில் யாரும் சட்டப் படிப்பை முடித்துவிட முடியாது. தீர்ப்பு எழுதிய நீதிபதி பகவதியின் பெயர் தெரியும், மனு போட்ட வக்கீல் கபிலா ஹிங்கோரானியின் பெயரும் தெரியும். அந்த மனு எங்கிருந்து முளைத்தது என்று என் ஜூனியர்களைக் கேட்டால் விழிக்கிறார்கள். ருஸ்தம்ஜி என்ற ஓய்வு பெற்ற போலீஸ்காரர் ஒருவர் பேப்பரில் எழுதியதிலிருந்து என்றேன். நம்பவில்லை. போலீஸா, கைதிக்காகவா என்று சிரிக்கிறார்கள்.

2003-ல் நீங்கள் மறைந்தபோது எழுதியவர்கள் பெரும்பாலும் சீருடையைப் பற்றித்தான் எழுதினார்கள். அது நியாயம்தான். 1938-ல் மத்திய மாகாணத்தில் பணியில் சேர்ந்தீர்கள். ஆறு வருஷம் நேருவின் பாதுகாப்பு அதிகாரியாக அவர் நிழலாக நடந்தீர்கள். 1965-ல் எல்லைப் பாதுகாப்புப் படையைத் தொடங்கி வைத்து, 1971-ல் வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினிக்குத் தோள் கொடுத்தீர்கள். பத்ம விபூஷண் பெற்ற போலீஸ் அதிகாரி நீங்கள். 'ஷோலே' சினிமாவால் பெயர் பெற்ற கப்பர் சிங்குக்கு முன்னால், சம்பல் பள்ளத்தாக்குப் பக்கம் ஊர்க்காரர்களின் மூக்கை அறுத்துக்கொண்டு திரிந்த நிஜ கப்பர் சிங் ஒருவன் இருந்தானே, அவனை 1959 நவம்பரில் நீங்கள் தலைமை வகித்த மத்தியப் பிரதேசக் காவல்துறையினர் சுட்டு வீழ்த்தினார்கள். நேருவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் அது. அந்தச் செய்தியையே அவருக்குப் பிறந்தநாள் பரிசாகச் சொன்னீர்களாம்.

இந்த இடத்தில் எனக்குக் கை தட்ட வரவில்லை, ஐயா. 1960-ல் காந்தியவாதி வினோபா பாவே சம்பலுக்கு நடந்தே போய்க் கொள்ளையரைச் சரணடைய வைத்தபோது நீங்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. காவல்துறையின் கை கட்டப்படுகிறது என்பது உங்கள் வாதம். என்கவுன்டர் செய்தி வந்தால் பட்டாசு வெடிக்கிற காலத்தில் கோர்ட்டுக்குப் போய்வருகிறவன் நான். எனக்கு வினோபா பக்கம்தான் சாய்வு. ஆனால் அப்படிப்பட்ட ஒரு அதிகாரிதான் ஓய்வுக்குப் பிறகு ஜெயில் ஜெயிலாகப் போனார் என்பதால்தான் உங்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

எமர்ஜென்சி முடிந்து, 1977-ல் ஜனதா அரசு தேசிய போலீஸ் கமிஷனை அமைத்தது. அதன் உறுப்பினராகப் பீகார் சிறைகளைப் பார்த்தீர்கள். பார்த்துவிட்டுக் குறிப்பெழுதிக் கோப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். 1979 ஜனவரியில் இந்தியன் எக்ஸ்பிரஸில் எழுதினீர்கள். குற்றம் நிரூபணமானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம், விசாரணையே தொடங்காமல், உள்ளே கிடந்தவர்களின் கதை அது. சிலர் பத்து வருஷம்கூட. அந்தக் கூட்டத்தில் பெண்கள் இருந்தார்கள், எந்தக் குற்றமும் சாட்டப்படாதவர்கள். ஒரு வழக்கில் பாதிக்கப்பட்டவர்களாகவோ சாட்சிகளாகவோ இருந்ததற்காக, 'பாதுகாப்பு' என்ற பெயரில் அடைத்து வைத்திருந்தார்கள். புகார் கொடுத்தவளுக்கே ஜெயில்!

அந்தக் கட்டுரையை வைத்துத்தான் ஹிங்கோரானி உச்ச நீதிமன்றம் போனார். விரைவான விசாரணை என்பது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கின் தொடர்ச்சியாகச் சுமார் 40,000 விசாரணைக் கைதிகள் வெளியே வந்தார்கள் என்பது கணக்கு.

நீதிபதிகளைக் குறை சொல்லிவிட்டு உங்கள் துறையை விட்டுவிடவும் இல்லை. நாட்டில் நடக்கும் கைதுகளில் ஏறக்குறைய 60 சதவீதம் தேவையற்றவை அல்லது நியாயமற்றவை, சிறைச் செலவில் 43.2 சதவீதம் அப்படிக் கைதானவர்களுக்கே போகிறது என்று உங்கள் கமிஷனின் மூன்றாவது அறிக்கை எழுதியது. கைது பற்றிய உச்ச நீதிமன்றத்தின் ஜோகிந்தர் குமார் தீர்ப்பு வழியாக இன்றும் அதை ஜாமீன் மனுக்களில் எடுத்துப் போடுகிறோம். கமிஷன் கேட்ட சீர்திருத்தங்களுக்காக, உங்களுக்குப் பின் அதே எல்லைப் படைக்குத் தலைமை வகித்த பிரகாஷ் சிங்தான் 1996-ல் வழக்குப் போட்டார். 2006-ல் உச்ச நீதிமன்றத்திடமிருந்து ஏழு உத்தரவுகள் வந்தன. அமலான லட்சணத்தை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இப்போதைய நிலவரம்? 2022 கணக்குப்படி சிறையில் 5,73,220 பேர் இருந்தார்கள். விசாரணைக் கைதிகள் மட்டும் 4,34,302. நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேல். எங்கள் கோர்ட்டில் ரிமாண்டு நீட்டிப்பு காணொலியில் நடக்கிறது. திரையில் ஒரு முகம் வரும், பெயர் கேட்பார்கள், அடுத்த வாய்தா தேதி சொல்வார்கள், முகம் போய்விடும். கையெழுத்து வாங்க வந்த அம்மா வாசலில் நின்றுகொண்டு "அவன் இளைச்சுட்டானாங்க?" என்று என்னிடம் கேட்பாள். ஜாமீன் கிடைத்த பிறகும் ஆள் வெளியே வருவதில்லை. இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவனுக்கு வரி ரசீதுள்ள சொந்தக்காரன் எங்கிருந்து வருவான்? ஊரில் வேர் உள்ள ஏழையை, ஜாமீன்தாரர் இல்லாமல் சொந்தப் பிணையிலேயே விடலாம் என்று உங்கள் ஹுசைனாரா வழக்கிலேயே சொல்லியாகிவிட்டது. சொன்னால் தலையாட்டிவிட்டு ரசீது கேட்கிறார்கள்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. 2024 ஜூலை முதல் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 479-ஆவது பிரிவில், முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி, அதிகபட்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தைச் சிறையில் கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும். ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கும், பல வழக்குள்ளவர்களுக்கும் பொருந்தாது. காலம் நிறைந்ததும் கோர்ட்டுக்கு எழுத வேண்டிய பொறுப்பு சிறைக் கண்காணிப்பாளருடையது, கைதி மனு போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. அந்தத் தேதிகளை எந்தச் சிறை ஒழுங்காகக் குறித்து வைக்கிறது என்று போய்ப் பார்க்க, ஓய்வு பெற்ற உங்கள் துறைக்காரர் யாராவது கிளம்புவாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கீழமை நீதிமன்ற வக்கீல் ஒருவன்