ஆன் பிராட்ஸ்ட்ரீட்: முதல் புத்தகத்தோடு நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 16, கவிஞர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்டின் நினைவு நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட குறிப்பைப் படித்தேன். 1630ல் ‘அர்பெல்லா’ கப்பலில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் போய் இறங்கியவர், 1650ல் லண்டனில் வெளியான ‘பத்தாவது கலைத்தேவதை’ நூலால் பெயர் பெற்றவர் என்றெல்லாம் சரியாகவே எழுதியிருந்தீர்கள். ஆனால் அந்தப் புத்தகத்தோடு நிறுத்திவிட்டீர்கள். இன்றைக்கு அவரை விரும்பிப் படிக்கிறவர்கள் அந்தப் புத்தகத்துக்காகப் படிப்பதில்லை.

நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கு பூதங்கள், நான்கு பருவங்கள், நான்கு பேரரசுகள் என்று நீண்டுகொண்டே போகும் நூல் அது. நிறையப் படித்தவர் என்று தெரிகிறது, மனதில்தான் ஒட்டுவதில்லை. அதை அச்சுக்குக் கொடுத்ததும் அவர் இல்லை. தங்கை மெர்சியின் கணவர் ஜான் வுட்பிரிட்ஜ், இவருக்குச் சொல்லாமலே லண்டனில் வெளியிட்டுவிட்டார். இது பெண் எழுதியதுதான், வீட்டுப் பொறுப்பில் குறை வைக்காதவர், தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு எழுதினார் என்று முன்னுரையில் சான்றிதழ் வேறு! (இப்போதும் பெண் எழுத்தாளரைப் பேட்டி காணப் போகிறவர்கள் சமையலறையை விசாரிக்காமல் விடுவதில்லை.)

அச்சான புத்தகத்தை நினைத்து அவர் எழுதிய கவிதை அருமையானது. புத்தகத்தை அவலட்சணமான பிள்ளையாக்கி, முகம் கழுவிவிடுகிறார். ஒரு கறையைத் தேய்த்தால் இன்னொரு குறை தெரிகிறது. அப்பா யார் என்று கேட்டால் இல்லை என்று சொல், அம்மா ஏழை, அதனால்தான் வெளியே அனுப்பினாள் என்று சொல், என்று சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார். இதுவும், கணவர் சைமனுக்கு எழுதிய காதல் கவிதையும், பிரசவத்துக்கு முன் ‘நான் இறந்துபோனால் பிள்ளைகளை மாற்றாந்தாய் கொடுமைக்கு விட்டுவிடாதே’ என்று கேட்கும் கவிதையும் 1678 பாஸ்டன் பதிப்பில்தான் வந்தன. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1672ல், எட்டுப் பிள்ளைகளின் தாயான அவர் காலமாகிவிட்டார்.

வீடு எரிந்த கவிதை இன்னும் தாமதம். 1666 ஜூலை 10ம் தேதி இரவு, மாசசூசெட்ஸின் ஆண்டோவர் ஊரில் இருந்த அவர் வீடு தீக்கிரையானது. அப்புறம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் சாம்பலைப் பார்த்து, இங்கேதான் உட்காருவேன், இங்கேதான் அந்தப் பெட்டி இருந்தது என்று ஒவ்வொன்றாக அடையாளம் காட்டுகிறார். இனி இந்தக் கூரையின் கீழ் விருந்தாளி வரமாட்டார், மெழுகுவர்த்தி எரியாது என்கிறார். பிறகு, உலகப் பற்று கூடாது என்னும் தூய்மைவாத (பியூரிட்டன்) கிறித்தவர் அல்லவா, எல்லாம் மாயை என்று தன்னையே கண்டித்துக்கொள்கிறார். எனக்கு அந்தக் கண்டிப்பைவிடப் பெட்டிதான் நினைவில் நிற்கிறது. உதிரித்தாளிலிருந்து மகன் படியெடுத்து வைத்திருந்ததால் பிழைத்த இக்கவிதை, 1867ல்தான் அச்சேறியது.

அடுத்த செப்டம்பரில் இந்த ஒன்றையாவது முழுதாகத் தமிழாக்கி ஒரு பக்கம் ஒதுக்குங்கள். இடம் போதவில்லை என்றால் படத்தை எடுத்துவிடலாம். அவர் காலத்தில் அவரைப் பார்த்து வரைந்த ஓவியம் எதுவும் கிடைக்கவில்லை. நீங்கள் போட்டிருந்தது பிற்காலத்தில் யாரோ கற்பனையாக வரைந்தது.

இப்படிக்கு,
வாசகி, திருச்சி