நாளைய படகுப் பயணம்: குறிப்பு எழுதுபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, திமிங்கலம் பார்க்க நாளை காலை 6 மணிக்குப் படகு கிளம்பும். போன பயணத்தின் குறிப்பேட்டைப் புரட்டினேன். “துள்ளியது, அழகு” என்று மூன்று இடங்களில் இருக்கிறது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் துள்ளிய நேரம், திசை, அருகில் எத்தனை திமிங்கலங்கள் என்பதல்லவா வேண்டும்?

கூன்முதுகுத் திமிங்கலம் ஆழத்துக்குப் போகுமுன் முதுகை வளைத்து, வாலை நீருக்கு மேலே தூக்கும். அந்தச் சில நொடிகளை விடாதீர்கள். வாலின் அடிப்புறத்திலுள்ள கறுப்பு வெள்ளைத் திட்டுகள் நம் கைரேகை மாதிரி. ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. ஆகவே படம் பின்பக்கத்திலிருந்து வேண்டும். போன முறை முதுகை மட்டும் நாற்பது படம் எடுத்தவர் யாரென்று சொல்லப்போவதில்லை.

வால் மறைந்ததும் நேரத்தைக் குறியுங்கள். நீர்ப்பரப்பில் வட்டமாகக் குமிழிகள் எழுந்தால், மீன்கூட்டத்தை வளைக்கக் குமிழி வலை பின்னுகிறது என்று அர்த்தம். சற்று நேரத்தில் வாயைப் பிளந்தபடி அந்த வட்டத்துக்குள்ளேயே மேலே வரும். படகு அந்தப் பக்கமே போகாது. தாயும் குட்டியும் தென்பட்டால் வேகத்தைக் குறைத்து விலகிவிடுவோம், படம் கிடைக்காவிட்டாலும் சரி.

கேமரா பேட்டரியை இன்றிரவே சார்ஜ் செய்துவிடுங்கள்.